விராலுக்கு ஓர் இடம்

முட்டையிடும் காலம் நெருங்கியும் எங்கே கூடு கட்டுவது என்று முடிவாகாமல் இருந்தாள் செம்பா என்ற கூழைக்கடாப் பறவை. வடக்கே ஓர் ஏரி, தெற்கே ஓர் ஏரி. மீன்கள் மெலிந்த ஏரியைத் தேர்ந்துவிட்டால் குஞ்சுகள் பிழைக்காது.

அவளும் துணைவன் நெடுமூக்கனும் இரண்டு ஏரியிலும் ஒரே எண்ணிக்கையில் மீன் பிடித்து வந்தார்கள். நெடுமூக்கன் வடக்கு மீன்களை அலகுப் பைக்குள் அள்ளிப் பார்த்தான். பிறகு தெற்கு மீன்களை அள்ளினான்.

"வடக்குதான் கனம். அங்கேயே கட்டிடலாம்" என்றான்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் செம்பா. எல்லா மீன்களையும் கலந்து, பெரியதிலிருந்து சிறியது வரை கரையில் வரிசையாக அடுக்கினாள். முதலில் வடக்கு ஏரியின் கொழுத்த விரால் கிடந்தது. அதன் பின்னால் தெற்கு மீன்களாகவே வந்தன. வடக்கின் மற்ற மீன்களெல்லாம் வால் பக்கம் ஒதுங்கிவிட்டன. "தெற்குதான். வடக்குக்குக் கனம் கொடுத்தது அந்த ஒரு விரால்தான்" என்றாள்.

"விராலும் வடக்கு மீன்தானே? அதை ஏன் கழிக்கிறே?" என்றான் நெடுமூக்கன்.

"கழிக்கலையே. முதல் இடமே கொடுத்திருக்கேன். ஆனா ஒரு மீனுக்கு ஒரு இடம்தான். நாளைக்கு நீங்க வடக்கே போனா எது கிடைக்கும்னு நினைக்கிறீங்க?"

நெடுமூக்கன் வரிசையின் கடைசி வரை நடந்து பார்த்தான். ஒரு சுள்ளியைக் கவ்விக்கொண்டு தெற்கே பறந்தான்.

மூன்று குஞ்சுகள் பொரிந்தன. ஒவ்வொரு வருஷமும் பட்டினியில் பறிபோவது கடைக்குட்டிதான்; அந்த வருஷமோ கடைக்குட்டிதான் முதலில் சிறகு விரித்தது.