கொத்தியவன் வரிசை

நாணயம் சேகரிப்போர் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், அவரவர் புதிதாக வாங்கிய காசைக் கறுப்பு வெல்வெட்டின் மேல் அந்தந்த அரசரின் வரிசையில் வைக்க வேண்டும். பிலோமினா வைத்த வெள்ளிக்காசில் அரசருக்கு முகமே இல்லை. யாரோ உளியால் கொத்தியிருந்தார்கள்.

தலைவர் சிதம்பரநாதன் அதை விளிம்பில் பிடித்துத் தூக்கி அவளிடமே நீட்டினார். "வெள்ளிதானான்னு பாக்க வெட்டியிருக்காங்கம்மா. வீணாப்போன காசு."

"அதுக்கு ஒரு வெட்டு போதும் சார். இவன் கண்ணு, மூக்கு, வாயின்னு தேடித் தேடிக் கொத்தியிருக்கான்."

"யாருன்னே தெரியாத ராஜாவ எந்த வரிசையில வைக்கிறது?"

"ராஜாவுக்காக நான் இத வாங்கல." அவள் காசை வாங்கி, எல்லா வரிசைகளுக்கும் மேலே தனியாக வைத்தாள். "இது கொத்துனவன் வரிசை."

சிதம்பரநாதன் அதை எடுக்கக் கை நீட்டினார். அவர் விரல் படுவதற்குள், கடைசி நாற்காலியிலிருந்து செல்லப்பாண்டி எழுந்து வந்தார். இத்தனை வருடக் கூட்டங்களில் ஒருமுறைகூடக் காட்டாத ஒரு காசைப் பர்ஸின் உள்பையிலிருந்து எடுத்து, அவள் காசுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அதிலும் முகம் இல்லை.