பெயருள்ள நோய்

வெங்காயத்தில் சிவப்பைக் கண்ட பிறகுதான் விரல் வெட்டுப்பட்டது அவளுக்குத் தெரிந்தது.

நோகவில்லை.

போன மாரிகாலத்திலிருந்தே இடது கையில் மூன்று விரல்கள் அவளுடையவை இல்லை. பாதங்களும் அப்படித்தான். சில நாள் தணலில் நிற்பதுபோல எரியும். சில நாள் காலுக்குக் கீழே தரையே இருக்காது.

முன்னறையில் பெண்களின் பேச்சு. தங்கை சுகிர்தாவைப் பார்க்க வந்தவர்கள். நோர்வேயின் பேர்கனில் இருக்கிற தமிழ்ச் சனத்தில் பாதி இந்தக் கிழமை இந்த வீட்டுப் படியேறிவிட்டது. ஒருத்தி கோழிச் சூப் கொண்டு வந்தாள். ஒருத்தி கோயில் திருநீறு. ஒருத்தி ஊரிலிருந்து எடுப்பித்த எண்ணெய்.

சுகிர்தாவுக்குப் பாரிசவாதம்; ஒரு பக்கம் இழுத்துவிட்டது.

சொன்ன உடனே எல்லோருக்கும் விளங்கிவிடுகிறது. வாயில் கை வைக்கிறார்கள். இந்த வயதிலோ என்கிறார்கள். தங்கள் மாமாவுக்கு வந்ததைச் சொல்கிறார்கள். போகும்போது கட்டிப்பிடித்து அழுகிறார்கள்.

அவள் வெங்காயத்தைப் பார்த்து வெட்டவில்லை. கதவிடுக்கால் சுகிர்தாவின் கணவன் ஜெயரூபனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவியின் உயிரில்லாத கையை மடியில் வைத்து, விரல் விரலாக எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான்.

அதுவும் இடது கைதான்.

அந்த நேரத்தில்தான் கத்தி இறங்கியிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுகிர்தாவின் ஸ்கான் படத்தைக் காட்டி, இதோ இந்த இடம் என்று விரல் வைத்தார். ஜெயரூபன் அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய படத்தில் யாரும் எந்த இடத்திலும் விரல் வைத்ததில்லை. எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார்கள்.

அவளுக்கும் பெயருள்ள நோய் ஒன்று இருந்தது. அதை வெளியே சொல்ல முடியாது. வெளியே சொல்லக்கூடியது கையிலும் காலிலும் இருந்தது. அதற்குப் பெயர் இல்லை.

அவளுடைய கணவன் ஊரில் காய்ச்சலில் செத்தான் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள். தங்கையோடு இருக்கலாம் என்று இந்த நாட்டுக்கு வந்து இறங்கியதும் ரத்தம் எடுத்தார்கள். ரத்தம் வேறு கதை சொன்னது: அவனைக் கொன்ற கிருமி அவளுக்குள்ளும் இருந்தது.

இப்போது கிருமி ரத்தத்தில் தெரிவதே இல்லை. குளிசையை ஒழுங்காகப் போடுகிறீர்கள் என்று டாக்டருக்குச் சந்தோஷம்.

கை விறைப்பது அந்தக் கிருமியாலா?

சொல்ல முடியாது.

குளிசையாலா?

இருக்கலாம்.

அவர் நரம்பு டாக்டரிடம் அனுப்புவார். நரம்பு டாக்டர் அவரிடமே திருப்பி அனுப்புவார்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். இந்த ஊரில் அந்த வேலை செய்பவள், இப்போது முன்னறையில் இருக்கிற பவளமக்காவின் மருமகள். வேண்டாம் என்பாள். எரிவு, விறைப்பு, குத்து, உளைவு எல்லாம் அவளுடைய அரைகுறை நோர்வேஜிய மொழியில் ஒரே சொல்லாகிப்போகும். எறும்பு.

"ஐயோ பிள்ளை, கையெல்லாம் ரத்தம்!"

தண்ணீர் எடுக்க வந்த பவளமக்கா இடுப்பிலிருந்த லேஞ்சித் துணியை உருவிக்கொண்டு ஓடிவந்தார்.

"தொடாதேங்கோ!"

அது அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. முன்னறை அடங்கியது. பவளமக்காவின் கை அந்தரத்தில் நின்றது.

வெட்டிய வெங்காயம் முழுவதையும் குப்பையில் கொட்டினாள். பலகையைக் கொதிதண்ணீரில் கழுவினாள். சமையலால் யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். என்றாலும் கழுவினாள். பிறகு இன்னொரு தரம் கழுவினாள்.

"தங்கச்சிக்கு இப்பிடி வந்ததில மனம் பேதலிச்சுப்போச்சு, பாவம்," பவளமக்கா முன்னறையில் சொல்வது கேட்டது. "அவ்வளவு பாசம்."

அவள் தண்ணீர்க் குழாயை இன்னும் திறந்துவிட்டாள்.

வந்தவர்களைப் பேருந்தேற்றிவிட ஜெயரூபன் குடையோடு இறங்கிப் போனான். வீடு அமைதியானது.

"அக்கா. இஞ்ச வாங்கோ."

சுகிர்தாவின் சொற்கள் இப்போது வாயின் ஒரு பக்கத்தால்தான் வருகின்றன. போய்ப் பக்கத்தில் நின்றாள். விரலில் துணி சுற்றியிருந்தது.

"நோகேல்லையோ?"

"இல்லை."

"வெட்டினதே தெரியேல்லையோ?"

அவள் துணியை இன்னும் இறுக்கிச் சுற்றினாள்.

"எனக்கும் இப்பிடித்தான் அக்கா. நுள்ளினாலும் தெரியாது." சுகிர்தா மூச்சு வாங்கினாள். "எத்தினை நாளா?"

"போன மாரியில இருந்து."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? டாக்டர்மாருக்கே தெரியேல்லை."

"உங்களைப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். செருப்புக் கழண்டதுகூடத் தெரியாமல் நடக்கிறியள். நான் விழுந்த அண்டைக்கு எல்லாரும் என்னைச் சுத்தி நிக்க, நீங்கள் என்னைப் பாத்த பார்வை..."

சுகிர்தா நல்ல கையால் மற்றக் கையைத் தூக்கி வயிற்றின் மேல் வைத்தாள். கட்டிலில் ஓர் ஆள் உட்காருமளவு இடம் வந்தது.

அவள் இருந்தாள்.

"எனக்கு உன்னில எரிச்சலும் பொறாமையுமா இருந்ததடி," என்றாள். "இப்பவும் இருக்கு."

"தெரியும்."

தன் நோயின் அந்தப் பெயரை டாக்டர்களிடம் சொல்லியிருக்கிறாள். தாதிகளிடம் சொல்லியிருக்கிறாள். மருந்துக்கடையில் தணிந்த குரலில் சொல்லியிருக்கிறாள். எல்லாம் அவர்களுடைய மொழியில். தமிழ் பேசும் ஒரு காதுக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

சொன்னாள்.

சுகிர்தாவின் முகத்தில் அசைகிற பாதி அசைந்தது.

அசையாத பாதியைப் பார்த்துக்கொண்டு, அவள் மிச்சத்தையும் சொல்லத் தொடங்கினாள்.