வெறும் டிஸ்க்குதான்

ஓடி வந்த வேகத்தில் வீரபத்திரன் சலைன் ஸ்டாண்டில் முட்டிக்கொண்டான்.

ஸ்டாண்டு பக்கத்துக் கட்டில் அம்மாளின் இட்லித் தட்டில் சாய்ந்தது. சாம்பார் மொத்தமும் அவன் கையிலிருந்த ரிப்போர்ட்டில்.

நல்ல செய்தியை இவ்வளவு லட்சணமாகக் கொண்டுவர காஞ்சிபுரத்தில் அவனை விட்டால் ஆள் ஏது?

அந்த அம்மாள் செய்த அர்ச்சனையை வாங்கிக்கொண்டு, மனைவியின் கட்டிலோரம் குனிந்தான்.

"டிஸ்க்குதான் வேணி. வெறும் டிஸ்க்குதான்!"

"உம்" என்று கிருஷ்ணவேணி சுவர்ப் பக்கம் பார்த்தாள்.

முதுகில் ஆபரேஷன் முடிந்து பத்து நாள். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். இப்போதுதான் டாக்டர் சொன்னார், கட்டியே இல்லையாம். முதுகெலும்பு டிஸ்க்கில் ஒரு துண்டு உடைந்து, நகர்ந்துபோய் வீங்கி, ஸ்கேனில் கட்டி மாதிரி வேஷம் போட்டிருக்கிறது.

ஸ்கேனில் 'ட்யூமர்' என்று வந்த நாளிலிருந்து அவளிடம் அவன் சொல்லிவந்த பொய்யும் இதே வார்த்தைகள்தான்.

பொய்யாக இருந்தபோது இன்னும் நன்றாகச் சொன்னான். நடுவில் ஜோக்கெல்லாம் அடித்தான். ஸ்கேன் கவரைக் கொண்டுபோய், வீட்டில் அவன் பட்டு நெய்யும் தறிக்கு மேலே தொங்கும் டிசைன் அட்டைக் கட்டுக்குள் சொருகி வைத்தான். நிற்கிற எவர் கண்ணுக்கும் படாது. அபார மூளை.

இப்போது நிஜத்தைச் சொல்ல வேறு வார்த்தை அகப்படவில்லை.

காமாட்சி மேல் சத்தியம் செய்தான். பொய்க்கும் அதே காமாட்சிதான்.

ரிப்போர்ட்டை வேட்டியில் துடைத்தான். எழுத்தெல்லாம் சாம்பாரோடு வந்துவிட்டது. டாக்டரைத் தேடினால், அடுத்த ஆபரேஷனுக்கு உள்ளே போயிருந்தார்.

"இன்னாத்துக்கு மூஞ்சத் திருப்பிக்கினு கீற? ஏதாவது சொல்லேன்மா."

வேணி மெல்லத் திரும்பினாள். அவன் சட்டையில் ஒட்டியிருந்த சாம்பார் வெங்காயத்தை எடுத்துப் போட்டாள்.

"தறியாண்ட பாய் போட்டு ஒரு மாசம் என்ன மல்லாக்கப் படுக்க வச்சியே. மேல சொருவினது, கீழ படுத்துக்கினு இருக்கிறவளுக்குத் தெரியாதாயா? நம்ம பொண்ண வுட்டு எறக்கி, அன்னிக்கே படிக்கச் சொல்லிக் கேட்டுட்டேன். உம் மனசு நோவக்கூடாதுன்னுதான் நீ டிஸ்க்குன்னப்பல்லாம் ரெண்டு பேரும் தலையாட்டினோம். போதும்பா. டாக்டரு எத்தினி நாளுன்னு சொன்னாரு, அத்த மட்டும் சொல்லு."