பி அழுத்தியது யார்?

திருப்பதி ஜூனியர் காலேஜில் அன்று பிரின்சிபாலே கெமிஸ்ட்ரி வகுப்பைப் பார்க்க வந்துவிட்டார். தமிழ் மீடியம் என்றாலே முகம் சுளிப்பவர்.

அறையில் இருந்த எல்லோர் கையிலும் ஓட்டுப் போடும் ரிமோட்டைக் கொடுத்துவிட்டு டீச்சர் ஜெயசீலி கேட்டாள். "மிளகாய்ப்பொடி, ஏ ஆசிடா, பி பேஸா, சி ரெண்டும் இல்லையா? அழுத்துங்க."

திரையில் சி நாற்பது, பி ஒன்று என்று விழுந்தது. சரியான விடை சி.

பிரின்சிபால் எழுந்தார். "தமிழ் மீடியம் ஆளுதான் பி அழுத்தும். தமிழ்ல பேஸுக்கும் காரம்னு பேரு, மிளகாயும் காரம். கொழப்பிக்கினு அழுத்தியிருக்கும். ஏம்மா தேன்மொழி, நீ ஒருத்திதானே இங்க தமிழ் மீடியம்?"

தடாவில் பள்ளிப் படிப்பைத் தமிழில் முடித்துவிட்டு வந்த தேன்மொழி எழுந்து நின்றாள். "நான் சிதான் சார் அழுத்துனேன்."

"பொய் வேறயா? நாளைக்கே உன்னைக் கடைசி செக்ஷனுக்கு மாத்துறேன்!"

ஜெயசீலி கம்ப்யூட்டரை ஒருமுறை பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"கிளாஸ்ல மொத்தமே நாற்பது பேர் சார். நாற்பது பேரும் சிதான். பி வந்தது நாற்பத்தொண்ணாம் நம்பர் ரிமோட்லேர்ந்து."

"அது யார்கிட்ட இருக்குது?"

"உங்க கையில சார். நீங்க எந்த ஊர்ல தமிழ் மீடியம்?"