சாட்சிக் கையெழுத்து

ஐந்து மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது டெரிலின் வண்டி பனிச்சேற்றை வாரியடித்துக்கொண்டு டவுன் ஹால் வாசலில் வந்து நின்றது.

"வெர்னா, பூட்டிடாதீங்க" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தான். பின்னால் அவன் மனைவி மரிட், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிதானமாக வந்தாள்.

நான் இந்த டவுனின் கிளார்க்; இங்கே தேர்தல் நடத்துவதும் நான்தான். முன்கூட்டியே ஓட்டுப் போட அந்த வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள், ஐந்து மணி வரைக்கும்தான். தேர்தல் செவ்வாய்க்கிழமை. குழந்தையும் செவ்வாய்க்கிழமைதான் பிறக்க வேண்டியது. அதற்கு என்ன அவசரமோ.

"வலி எடுத்துருச்சு. ஆறு நிமிஷத்துக்கு ஒரு தடவை வருது. ஆஸ்பத்திரி அறுபது மைல். ஆனா இவ ஓட்டு மட்டும் வீணாப் போயிடக் கூடாது" என்றான் டெரில்.

டவுன் தலைவர் பதவிக்கு நிற்பவன் அவன்தான். போன தடவை, இப்போது தலைவராக இருக்கும் இர்மாவிடம் மூன்று ஓட்டில் தோற்றான். அந்த மூன்று பேர் யாராக இருக்கும் என்று இரண்டு வருடமாக ஊரில் எல்லோர் முகத்தையும் உற்றுப் பார்த்துக்கொண்டு திரிகிறான்.

மரிட் உறையை நீட்டினாள். வீட்டுக்குத் தபாலில் போன ஓட்டுச்சீட்டு. குறியிட்டு, ஒட்டி, கையெழுத்துப் போட்டு எல்லாம் முடிந்திருந்தது.

"பக்கத்துலயே உக்காந்து பார்த்தேன், ஒரு தப்பும் இருக்காது" என்றான் டெரில் பெருமையாக.

எனக்கே கை பரபரத்தது. பத்தொன்பது வருடத்தில் பிரசவ வலியோடு யாரும் ஓட்டுப் போட வந்ததில்லை. உறையைத் திருப்பினேன். வாக்காளர் கையெழுத்து சரி. முகவரி சரி. வீட்டிலிருந்து போடும் ஓட்டுக்கு ஒரு சாட்சியும் கையெழுத்துப் போட வேண்டும்; அந்த இடத்தில், டெரில்.

உறையை மேசையில் வைத்தேன்.

"நீ சாட்சி போடக் கூடாதுப்பா."

"ஏன்? நான் புருஷன்ல?"

"புருஷன் போடலாம். வேட்பாளர் போடக் கூடாது."

சுவரில் ஒட்டியிருந்த மஞ்சள் அட்டையைக் காட்டினேன். 'சாட்சி வேட்பாளராக இருக்கக் கூடாது. இருந்தால் ஓட்டு செல்லாது.' இதற்கு மேல் கொட்டை எழுத்தில் எழுத முடியாது.

டெரிலின் முகம் செத்துப்போனது. "அப்ப என் ஓட்டு?"

"அவ ஓட்டுப்பா. வேற சீட்டு தரேன், இங்கயே போடட்டும், நானே சாட்சி. பதினாலு நிமிஷம் இருக்கு."

பழைய உறையைத் திறக்காமலே 'ரத்து' என்று எழுதி ஒதுக்கி வைத்தேன். நிமிர்ந்தால், நான் கேட்பதற்கு முன்பே மரிட்டின் அடையாள அட்டை என் மேசையில் இருந்தது. குவளையில் கிடந்த ஆறு பேனாக்களில் எழுதுகிற ஒரே பேனாவையும் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது பார்த்து வலி வந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஊதினாள். நானும் சேர்ந்து ஊதினேன்.

ஓட்டுப் போடும் மறைப்புக்குப் பின்னால் அவள் போனதும் டெரிலும் கூடவே போகப் பார்த்தான்.

"நீ எங்க போற? நெஞ்சுல உன் பேரையே குத்திக்கிட்டு நிக்கிற. வண்டியிலயும் உன் பேரு. ரெண்டையும் நூறு அடி தள்ளிக் கொண்டு போ, சட்டம்."

பேட்ஜைப் பொத்திக்கொண்டு ஓடினான் பாவம்.

உள்ளே பேனா காகிதத்தில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. கடிகாரத்தையும் அவள் கால்களையும் மாறி மாறிப் பார்த்தேன்.

வந்தாள். உறையை ஒட்டினாள், கையெழுத்துப் போட்டாள், நானும் போட்டேன். மணி நான்கு ஐம்பத்தாறு. 'நான் ஓட்டுப் போட்டேன்' ஸ்டிக்கரை வாங்கித் தன் வயிற்றிலேயே ஒட்டிக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"காலையிலயே கவனிச்சிருந்தா உனக்கு இந்த அலைச்சல் இல்லயேம்மா" என்றேன்.

"காலையில மனுஷன் என் பக்கத்துலேர்ந்து நகரவே இல்ல, வெர்னா" என்றாள். சிரித்தாள். இன்னொரு வலி வருவதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

டெரில் ஊருக்கே கேட்கிற மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு போனான், ஜெயித்தே விட்டவன் போல.

விளக்கை அணைக்கப் போகும்போதுதான் அந்த மஞ்சள் அட்டையை மறுபடி பார்த்தேன். உருண்டை உருண்டையான எழுத்து. போன அக்டோபரில் தேர்தல் வேலைக்கு வந்த அத்தனை பேருக்கும் சாட்சி விதியைப் பாடம் எடுத்துவிட்டு, மரிட் தன் கையாலேயே எழுதி ஒட்டிய அட்டை.