யாரும் ஜெயிக்கக் கூடாத ஆட்டம்

ஆட்டம் தொடங்கி இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. இன்னும் யாரும் ஜெயிக்கவில்லை.

அதுதான் ஏற்பாடு.

இன்று காலை பதினோரு மணியோடு இந்த விளையாட்டை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். இனிப் புது ஆட்டம் தொடங்க முடியாது. ஆனால் பதினோரு மணிக்கு நடந்துகொண்டிருக்கும் ஆட்டம் எதுவும் முடியும்வரை ஓடுமாம். நிறுவனத்தின் அறிவிப்பில் அந்த வரியை நான் ஏழு முறை படித்தேன்.

முடிந்தால்தானே மூடுவார்கள்.

"இது செல்லுமா மாமா?" என்று கேட்டான் மச்சான். என் மனைவியின் தம்பி. வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தா. யாராவது தும்மினால்கூடச் செல்லுமா என்றுதான் கேட்பான்.

அறிவிப்பைக் காட்டினேன். படித்துவிட்டு, "நல்ல பெரிய ஓட்டையாத்தான் விட்டிருக்காங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

எட்டுப் பாகம் வந்த ஒரு மாயாஜால நாவலிலிருந்து எடுத்த விளையாட்டு. ஐந்து பேருக்கு எதிராக ஐந்து பேர், அவரவர் வீட்டிலிருந்து ஆடுவது. நடுவில் காடு. இரு பக்கமும் அணிக்கு ஒரு கோபுரம். எதிரியின் கோபுரத்தைச் சாய்த்தால் வெற்றி.

கல்லூரியில் என் மனைவிதான் எட்டுப் பாகத்தையும் என் கையில் திணித்து, முடித்துவிட்டு வந்து பேசு என்றாள். நான் மூன்றாம் பாகத்திலேயே பேசப் போய்விட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்து ஆடினோம். ஒருவர் ஆட வந்தால் மற்றவர் திரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரியும். நான் கோடரிக்காரன். அவள் மருத்துவச்சி, அடிபட்டவர்களைக் குணமாக்குபவள். மருத்துவச்சிக்கு நாவலில் பச்சை அங்கி. அவள் அதை ஊதாவாக்கி, தலையில் ஒரு கோமாளித் தொப்பியையும் மாட்டிவிட்டாள்.

அவள் இறந்து பதினொரு மாதம் ஆகிறது. அதன் பிறகு நான் ஆடவில்லை. அவளுடைய கணினியை வீட்டில் வைத்திருக்க முடியாமல் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

இன்று என் மடிக்கணினியோடு அங்கேதான் வந்திருக்கிறேன். அவளுடைய கணினியின் முன்னால் அத்தை.

மருத்துவச்சி இரண்டு நிமிடம் அசையாமல் நின்றால் ஆட்டத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். அதற்காகத்தான் அத்தையை உட்கார வைத்தேன்.

"நம்ம கோபுரத்துப் பக்கத்துல இருக்கற இந்த ஊற்றைச் சுத்திச் சும்மா நடக்கவிட்டாப் போதும் அத்தை. வேற எதையும் தொடாதீங்க."

"என் டாக்டரும் அதையேதான் சொல்றாரு. மாத்திரையைவிட நடைதான் முக்கியமாம்."

மருத்துவச்சி நடந்தாள். ஊதா அங்கி, கோமாளித் தொப்பி. சுற்றிச் சுற்றி.

என் கோடரிக்காரனைப் பக்கத்தில் நிறுத்தி, அவ்வப்போது ஓரடி நகர்த்திவிட்டு, நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடியாதவரை அவள் நடப்பாள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எதிரணியைச் சம்மதிக்கவைப்பதும் கஷ்டமாக இல்லை. இரண்டு கோபுரங்களும் ஒரு தட்டுத் தட்டினால் விழும் நிலைக்கு வந்தபோது எழுதிக் கேட்டேன்: முடிக்காமல் இருக்கலாமா?

உடனே ஒருவர் எழுதினார்: "முடித்துவிட்டு மட்டும் எங்கே போகப் போகிறோம்?"

அதற்கப்புறம் போர்க்களம் கல்யாண வீடாகிவிட்டது. இரண்டு அணியும் காட்டுக்கு நடுவே நின்று நடனம் ஆடின. டிராகன் அரசன் இடுப்பை வளைத்த அழகை நாவலாசிரியர் பார்த்திருந்தால் ஒன்பதாம் பாகம் எழுதியிருப்பார். ஒருவர் குளித்துவிட்டு வருகிறேன் என்று போனார். அவருடைய பூதம் நீக்கப்படாமல் இருக்க, மற்றவர்கள் முறைபோட்டு அதைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

நான் சிரித்தேன் போலிருக்கிறது. மச்சான் திரும்பிப் பார்த்தான்.

அப்போதுதான் மருத்துவச்சி ஊற்றைவிட்டு வெளியே வந்தாள்.

"அத்தை, வழி மாறிட்டீங்க."



மருத்துவச்சி புதர்களை ஒட்டியே போனாள். எதிரியின் காவல் மாடத்திலிருந்து ஓர் அம்பு வந்தது. ஓரடி ஒதுங்கினாள். அடுத்த அம்புக்கு ஒளிக்கேடயத்தை விரித்தாள்.

கேடயத்துக்கு எந்தப் பொத்தான் என்று நான் சொல்லித் தரவே இல்லை.

மச்சான் நாற்காலியோடு திரும்பினான். நடனம் நின்றது. பூதத்தைத் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். நேரமில்லை. மருத்துவச்சியின் கைத்தடி அடி கொசுக்கடி மாதிரிதான். அந்தக் கோபுரத்துக்கு அது போதும்.

சரிந்தது. திரை முழுக்கப் பொன்னெழுத்தில் வெற்றி.

"என்னம்மா பண்ணிட்ட?" என்றான் மச்சான்.

அத்தை என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "எவ்வளவு நேரம்தான் ஒரே எடத்தையே சுத்துவா மாப்பிள்ளை? ஜெயிக்கறதுக்குன்னே ஆடுறவ அவ."

எதிரணியிலிருந்து ஒரு செய்தி வந்தது.

"உங்கள் மருத்துவச்சியை நம்பியது எங்கள் தப்பு. தினமும் காலை பத்து மணிக்கு எங்களைப் பின்னியெடுப்பவர். இன்று இவ்வளவு நேரம் பொறுத்ததே பெரிது."

இரண்டு முறை படித்தேன். மச்சான் வாய்விட்டுப் படித்தான்.

"தினமுமாம்மா?"

"நீ ஆபீஸ் போனப்புறம்தான். வேலையெல்லாம் முடிச்சிட்டு."

"என்னையும் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"நீ வந்தா தோத்துருவோம்டா."

திரையில் நிறுவனத்தின் நன்றி வந்தது. பிறகு அதுவும் போனது.

அத்தை கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"உங்க பேருக்குப் பக்கத்துல பச்சை விளக்கு எரியுதான்னு தினமும் பாப்பேன் மாப்பிள்ளை. ஒரு பத்து நிமிஷம் காத்திருப்பேன். அப்புறம் நானே கெளம்பிடுவேன்."