இன்னும் கொஞ்சம் தேயுங்க

“இந்த மூலையில இன்னும் மினுக்குது பாருங்க. திரும்பத் தேச்சுப்போடுங்க.”

சொல்லிவிட்டு பிரத்யுஷா அலமாரிக் கதவைத் திருப்பி வைத்தாள். சாய்கிருஷ்ணாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

சமையலறை அலமாரிக் கதவுகளுக்கு நாமே பெயிண்ட் அடிக்கலாம் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் அவன்தான். பளபளப்பு இருக்கிற வரைக்கும் பெயிண்ட் பிடிக்காது, பிடித்தாலும் தோல் தோலாக உரிந்து வந்துவிடும் என்று மனைவிக்குப் பாடம் எடுத்தவனும் அவனேதான். அந்தப் பாடத்தை அவள் இப்படிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள் என்று யார் கண்டார்கள்?

கேஸ் சிலிண்டரைக் கழற்றிப் பால்கனியில் வைத்தாயிற்று. கதவுகளைக் கழற்றி, தாளிப்புப் பிசுக்கெல்லாம் போக சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தாயிற்று. ஆபீஸ் விட்டு வந்ததும் ஜன்னலைத் திறந்து வைத்து, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, உப்புத்தாளைக் கையில் எடுத்தால் சாப்பாட்டு நேரம் வரைக்கும் தேய்ப்புதான்.

தேய்ப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தச் சாப்பாட்டு நேரத்தை நினைத்தால்தான் அவனுக்கு உடம்பு கூசியது.

“தூசி பறக்கற இடத்துல அடுப்பு பத்த வெக்கறதா? ஆகவே ஆகாதுங்க” என்று சமையலறையை மூடிய பிரத்யுஷா, நேராகப் போய் நின்றது பக்கத்து ஃப்ளாட் மாசாணியம்மாள் வாசலில். மின்வாரிய ஆபீசிலிருந்து ரிட்டயர் ஆனவர். கணவர் இல்லை. ஒரே மகள் யுவஸ்ரீயும் வேலை கிடைத்துப் போன மாதம்தான் ஜெர்மனிக்குப் போனாள். தனியாக இருக்கிற மனுஷி தலையில் இரண்டு பேர் சாப்பாட்டைக் கட்டுவது என்ன நியாயம்?

“ஓட்டல்ல வாங்கிக்கலாமே அம்மணி” என்று மனைவியிடம் சொல்லியும் பார்த்தான்.

“ஓட்டல் சோறு எனக்கு ஒத்துக்காதுங்க. அக்கா ஊட்டுச் சோறுதான் இறங்குது.”

அதோடு விட்டாளா? போன இடத்தில் அதிகாரம் வேறு.

“அக்கா, நாளைக்குக் கொள்ளு ரசம் வெச்சுப்போடுங்க. அப்படியே பச்சைப்பயிறும் கடைஞ்சிருங்க.”

“செரி கண்ணு, வெச்சாப் போச்சு.”

“நீங்க ஏன் நின்னுக்கிட்டு? தட்டை எடுத்துட்டு வந்து எங்களோட உட்காருங்க. நீங்க உட்கார்ந்தாத்தான் எனக்குச் சோறு இறங்கும்.”

சாய்கிருஷ்ணா தலையைத் தட்டுக்குள் கவிழ்த்துக்கொள்வான். ஓசிச் சோறு தின்பதும் போதாதென்று, சோறு போடுகிற அக்காவையே உட்கார் என்று மிரட்டுகிறாளே!

சிங்காநல்லூரில் அந்த அபார்ட்மெண்ட் முழுக்கச் சேதி பரவிவிட்டது. லிஃப்டில் கீழ்வீட்டு அரங்கசாமி கேட்டே விட்டார். “ஏனுங்க தம்பி, தெனமும் பந்தி மாசாணியம்மா ஊட்டுலதானாமா?”

அன்றைக்கே முடிவு கட்டினான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் உப்புத்தாளோடு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. மூலை முடுக்கெல்லாம் தேய்த்து, ஈரத்துணியால் தூசியைத் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தான். மருந்துக்கும் மினுக்கம் இல்லை.

பிரத்யுஷா சோதனைக்கு வருவதற்குள், ராத்திரிச் சாப்பாட்டில் அவன் முந்திக்கொண்டான்.

“அக்கா, தேய்ப்பு வேலை முடிஞ்சுதுங்க. கதவுகளுக்கெல்லாம் பால்கனியிலயே பெயிண்ட் அடிச்சுக்குவேன். நாளையிலிருந்து எங்க ஊட்டுலயே சமைச்சுக்கறோம். இத்தனை நாளா உங்களுக்குப் பெரிய சங்கடம் குடுத்துப்போட்டோமுங்க.”

மாசாணியம்மாள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

“அப்படிங்களா தம்பி... நல்லதுங்க.”

சிரிக்கத்தான் செய்தார். ஆனால் அதற்கப்புறம் சோற்றை அளைந்துகொண்டிருந்தாரே தவிர, ஒரு வாய் எடுத்து வைக்கவில்லை.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதுதான் தாமதம், பிரத்யுஷா வெடித்தாள்.

“உங்களை யாருங்க அவசரப்படச் சொன்னது?”

“ஏன், இன்னும் ஒரு மாசம் ஓசிச் சோறு திங்கோணுமா? லிஃப்டுல போற வாரவங்க எல்லாம் கேக்கறாங்க. எனக்கு மானம் போகுது!”

பிரத்யுஷாவின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது.

“யுவஸ்ரீ போனதிலிருந்து நாம போய் உட்கார்ற வரைக்கும் அக்கா ஊட்டுல அடுப்பே பத்தலைங்க. நடுச்சுவத்துக்கு அந்தப்பக்கம் ஒரு குக்கர் விசில் சத்தம் கேட்டுச்சா? மூணு வேளையும் டீயும் பன்னும்தான். நாம கிச்சனை மூடறதுக்கு முந்தின நாள் மாடிப்படியில கிறுகிறுன்னு வந்து உட்கார்ந்துட்டாங்க. நான் சோறு கொண்டுட்டுப் போனா, இப்பத்தான் சாப்பிட்டேன் அம்மணின்னு திருப்பி அனுப்பிச்சுப்போடறாங்க. தனக்குன்னு ஒருத்திக்குச் சமைக்க அவங்களுக்கு மனசே வரலைங்க. பசிக்குதுக்கான்னு நாம போய் நின்னாத்தான் உலை வெக்கறாங்க. கூட உட்கார்ந்து நாலு வாய் சாப்பிடறாங்க.”

 இத்தனை நாளும் பெண்டாட்டியை மனசுக்குள் திட்டியதெல்லாம் சாய்கிருஷ்ணாவுக்கு நினைவுக்கு வந்தது.

விறுவிறுவென்று வெளியே போய்ப் பக்கத்து ஃப்ளாட் காலிங்பெல்லை அழுத்தினான்.

“என்னங்க தம்பி, எதாச்சும் மறந்துட்டீங்களா?”

“ஆமாங்க்கா. கிச்சன் உள்ள இருக்கற அலமாரிச் சட்டத்துக்கும் பெயிண்ட் அடிக்கோணும்ங்கறதையே மறந்துபோட்டேன். அந்த வாசம் போற வரைக்கும் கிச்சன்ல அடுப்பு பத்த வெக்கக் கூடாதாமுங்க.”

தலையைச் சொறிந்தான். பிறகு மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கேட்டான்.

“நாளைக்கு என்ன குழம்புங்க்கா?”